பிள்ளைகளின் விவரமும் ஓர் அமானிதமே

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், மக்தப் மாணவர் விவரங்களை இணையப் படிவம் வழியாகத் திரட்டுவது குறித்து நமது பள்ளிவாசல் இமாம் ஹள்ரத் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

  

சென்ற ஷவ்வால் மாதம் நமது மக்தபின் புதிய ஆண்டு தொடங்கியபோது, பிள்ளைகளின் விவரங்களைப் பதிவேட்டில் எழுதி வாங்கும் பழைய முறையை விட்டு, கைப்பேசி வழியாக ஓர் இணையப் படிவத்தை அனுப்பி விவரம் பெற்றோம். அது குறித்துப் பலரும் பலவாறு பேசிக் கொண்டதை நாம் அறிவோம். "ஓதிக் கொடுக்கும் இடத்திற்கு இதெல்லாம் எதற்கு?" என்று சில பெரியோர் கேட்டனர். "இதிலே இன்னும் என்னென்னவோ கேட்கலாமே" என்று சில இளைஞர்கள் கூறினர். இரு சாராருக்கும் நாம் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அதற்காகவே நிர்வாகத்தார் இந்தச் சிறிது நேரத்தை நமக்கு ஒதுக்கித் தந்துள்ளனர்.

வராதவரைத் தேடிய நபி

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைப் பெருக்கித் துப்புரவு செய்து வந்த ஒருவரைப் பற்றிய ஹதீஸை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் அது பதிவாகியுள்ளது. அவர் கறுப்பினப் பெண்மணி என்று பெரும்பாலும் சொல்லப்படுகிறது. சில நாள்களாக அவரைக் காணாத நபியவர்கள், அவரைப் பற்றி விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்றும், அடக்கமும் செய்தாகிவிட்டது என்றும் தோழர்கள் கூறினர். எளியவர் ஒருவரின் மரணத்தைச் சொல்லி நபியவர்களுக்குச் சிரமம் தர வேண்டாம் என்று அவர்கள் எண்ணிவிட்டனர். ஆனால் நபியவர்களோ, தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, அவருடைய கப்ரு எங்கே என விசாரித்துச் சென்று, அங்கே தொழுகை நடத்தினார்கள்.

இந்த ஹதீஸிலிருந்து சட்ட அறிஞர்கள் பல சட்டங்களை எடுத்துள்ளனர். இன்று நமக்கு வேண்டியது ஒன்றுதான். ஒரு சமுதாயத்தின் தலைவர், கூட்டத்தில் இருப்பவரை மட்டும் பார்ப்பவர் அல்லர், இல்லாதவரை உணர்பவர். ஒருவர் வரவில்லை என்பதை உணர வேண்டுமாயின், யார் யார் வர வேண்டியவர் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். விவரம் எடுப்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

எழுதி வைப்பதும் சுன்னத்தின் வழியே. இஸ்லாத்தை மொழிந்த மக்களின் பெயர்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததையும், அவ்வாறே 1500 ஆண்களின் பெயர்களை எழுதித் தந்ததையும் ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதையும் ஆலிம்கள் அறிவர். மனித நினைவு மறதிக்குரியது. எழுத்து அந்த மறதிக்கு மருந்து. இன்று அந்த எழுத்து காகிதத்திலிருந்து கைப்பேசித் திரைக்கு வந்துள்ளது. கருவி மாறியதே ஒழியக் கடமை மாறவில்லை.

பழைய முறையில் நாம் செய்த பிழை

பழைய முறையை நாம் குறை கூறுவதற்கு முன், அதில் நாமே செய்த பிழையைச் சொல்லிவிடுவது நேர்மையாகும். ஆண்டுதோறும் முதல் நாள் மஃரிபுக்குப் பின், பெரிய பதிவேட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாக அழைப்போம். பெயர் என்ன, வாப்பா பெயர் என்ன, வாப்பா என்ன வேலை செய்கிறார், எந்தப் பள்ளிக்கூடம், எத்தனையாம் வகுப்பு என்று உரத்த குரலில் கேட்போம். சுற்றிலும் மற்றப் பிள்ளைகள் அமர்ந்திருப்பர்.

ஓராண்டு ஒரு சிறுவன், "வாப்பா என்ன வேலை?" என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டான். கேள்வி காதில் விழவில்லை போலும் என்று எண்ணி நாம் இரண்டாம் முறையும் கேட்டோம். பக்கத்தில் இருந்த பிள்ளை, "அவங்க வாப்பா மௌத்தாயிட்டாங்க ஹள்ரத்" என்றது. யதீமின் தலையைத் தடவிக் கொடுப்பதன் சிறப்பை மேடைதோறும் பேசுகின்ற நாம், ஒரு யதீமைப் பிள்ளைகள் நடுவே நிறுத்தி அவனுடைய இழப்பைச் சொல்ல வைத்துவிட்டோம். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

அந்தக் கேள்வி தவறானது அன்று. யதீம் யார் என்பது தெரிந்தால்தான் பைத்துல்மாலிலிருந்து உதவ இயலும். கேட்ட இடமும் கேட்ட விதமுமே தவறு. தாயோ பொறுப்பாளரோ தம் வீட்டில் அமர்ந்து, யார் முன்னும் நாணாமல், நிதானமாக எழுதித் தரும் ஒரு வழி வேண்டும் என்று அன்று நினைத்தோம். இணையப் படிவம் நமக்குப் பிடித்துப்போனதற்கு முதற்காரணம் அதன் வேகம் அன்று. அது தரும் மறைவே.

படிவம் என்பது யாது?

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகக் கூறுகிறோம். கூகுள் நிறுவனம் 2008-ஆம் ஆண்டு தனது விரிதாள் சேவையின் ஓர் அங்கமாக இத்தகைய படிவத்தை வெளியிட்டது. வேறு சில நிறுவனங்களும் இதுபோன்ற சேவைகளை அளிக்கின்றன. நாம் பயன்படுத்தியதற்குக் கட்டணம் ஏதுமில்லை. நம் பக்கத்தில் ஒரு மின்னஞ்சல் கணக்கு இருந்தால் போதும்.

கேள்விகளை நாம் தமிழிலேயே எழுதலாம். சில கேள்விகளுக்கு விடையைத் தட்டச்சு செய்ய வேண்டும். சிலவற்றுக்குக் கொடுக்கப்பட்ட விடைகளில் ஒன்றைத் தொட்டால் போதும். தொலைபேசி எண்ணில் 10 இலக்கங்கள் இல்லையெனில் ஏற்காதிருக்குமாறு அமைக்கலாம். கட்டாயம் விடையளிக்க வேண்டிய கேள்வி எது, விரும்பினால் மட்டும் விடையளிக்கலாம் என்ற கேள்வி எது என்றும் பிரித்து வைக்கலாம். முடித்தவுடன் கிடைக்கும் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பெற்றோர் அதைத் திறந்து நிரப்பி அனுப்புவர். அவ்விடைகள் அனைத்தும், வந்த நாளும் நேரமும் குறிக்கப்பட்டு, வரிசை வரிசையாக ஓர் அட்டவணையில் தாமே சேர்ந்துவிடும். யாரும் மறுபடி எழுத வேண்டியதில்லை.

இதில் நாம் எதிர்பாராத ஒரு நன்மையும் விளைந்தது. நமதூர் ஆண்களில் பலர் வளைகுடா நாடுகளில் உழைப்பவர்கள். மக்தபின் பதிவேட்டில் அவர்களுடைய பெயர் இருந்ததே தவிர, பிள்ளையின் ஓதலில் அவர்களுக்குப் பங்கு இருந்ததில்லை. படிவத்தின் இணைப்பு தமாமுக்கும் குவைத்துக்கும் சென்றது. ஒரு தந்தை பணி முடிந்து இரவில் அதை நிரப்பத் தொடங்கியிருக்கிறார். "பிள்ளை பள்ளிக்கூடத்தில் எத்தனையாம் வகுப்பு?" என்ற கேள்வியில் அவருடைய விரல் நின்றுவிட்டது. ஆறா, ஏழா என்பது அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு அழைத்துக் கேட்டு, பின்னர் நிரப்பினாராம். "ஹள்ரத், படிவம் எனக்கு ஒரு பரீட்சையாகிவிட்டது, இப்போது வாரம் ஒருமுறை பிள்ளையிடமே கேட்டுக்கொள்கிறேன்" என்று நமக்குக் குரல் செய்தி அனுப்பினார். அந்த ஒரு செய்திக்காகவே அல்லாஹ்வைப் புகழ்ந்தோம்.

எதைக் கேட்க வேண்டும்?

இப்போது இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியதற்கு வருகிறோம். படிவம் எளிதாகக் கிடைத்துவிட்டதால் கேள்விகளைப் பெருக்கும் ஆசை வந்துவிடுகிறது. வீட்டு வருமானம் எவ்வளவு, வீடு சொந்தமா வாடகையா, கடன் இருக்கிறதா, யார் யார் தொழுகிறார்கள் என்றெல்லாம் சேர்க்கலாம் என்று நமக்கு ஆலோசனை வந்தது. நாம் மறுத்துவிட்டோம். நாம் வைத்துக்கொண்ட விதி இது: எந்த விடையைக் கொண்டு நாம் ஒரு செயலைச் செய்யப் போகிறோமோ, அந்தக் கேள்வியை மட்டுமே கேட்க வேண்டும். செயலுக்கு உதவாத கேள்வி வீண் ஆராய்ச்சி. பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12-ஆம் வசனத்தில் அல்லாஹ் தடுத்துள்ளான்.

அவ்விதியின்படி நாம் கேட்டவை சிலவே. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பள்ளிக்கூட வகுப்பு, ஓதலில் காயிதாவா, குர்ஆனா என்பது, பொறுப்பாளர் பெயரும் தொலைபேசி எண்ணும். 'தந்தை பெயர்' என்று கேட்காமல் 'பொறுப்பாளர் பெயர்' என்று கேட்டதன் காரணத்தை இப்போது நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். பிள்ளையை அழைத்துச் செல்ல வருபவர் யார் என்று கேட்டோம். இஷாவுக்குப் பின் அறியாத ஒருவருடன் பிள்ளையை அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக. மூச்சிரைப்பு, வலிப்பு போன்ற நோய் ஏதும் உண்டா என்று கேட்டோம். உஸ்தாத்மார்கள் எச்சரிக்கையாக இருப்பதற்காக. கடைசியில், "ஹள்ரத்திடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஏதேனும் உண்டா?" என்று ஓர் இடம் விட்டோம். பெண் பிள்ளைகளின் புகைப்படத்தையோ அவர்களுடைய சொந்தக் கைப்பேசி எண்ணையோ கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம்.

இரண்டு கேள்விகளைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, பெயரின் எழுத்து. நம் பிள்ளைகளில் முஹம்மது என்னும் பரக்கத்தான பெயர் இல்லாத வீடு அரிது. ஆனால் அதை ஆங்கிலத்தில் எழுதும்போது வீட்டுக்கொரு விதம். ஒரே வீட்டில் சான்றிதழுக்கொரு விதம். பிறப்புச் சான்றிதழில் ஒரு வகை, ஆதார் அட்டையில் ஒரு வகை, பள்ளிக்கூடத்தில் மற்றொரு வகை. தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னே, ஓரிடத்தில் பின்னே. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வந்த பிறகு, அல்லது பாஸ்போர்ட் எடுக்கும் வேளையில், இது தெரிய வந்து அலைந்து திரிந்த குடும்பங்கள் இங்கே அமர்ந்திருக்கின்றன. ஆகவே, "மூன்று ஆவணங்களிலும் பெயர் ஒரே எழுத்துகளில் உள்ளதா?" என்று கேட்டு, ஆம், இல்லை, தெரியாது என்ற மூன்று விடைகளைத் தந்தோம். ஆதார் எண்ணைக் கேட்கவில்லை. அட்டையின் நகலையும் கேட்கவில்லை. அந்த 12 இலக்கங்கள் மக்தபுக்குத் தேவையில்லை. ஒத்திருக்கிறதா என்பது மட்டுமே தேவை. 'இல்லை' என்றும் 'தெரியாது' என்றும் தொட்டவர்களை அழைத்து, பத்தாம் வகுப்பை எட்டுமுன் திருத்திக்கொள்ள இளைஞர்கள் உதவி வருகிறார்கள்.

மற்றொன்று, சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் அரசு வேலைவாய்ப்பிலும் 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2007-ஆம் ஆண்டு வழங்கப்பட்டது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், மாப்பிள்ளை, ஷேக், சையத், அன்சார், தக்னி முஸ்லிம், தூதேகுலா ஆகியோர் அப்பட்டியலில் உள்ளனர். மார்க்கத்தில் நமக்குள் உயர்வு தாழ்வு இல்லை; ஆயினும் சட்டம் தரும் உரிமையைப் பெறச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு அவ்வுரிமை ஏட்டளவில் மட்டுமே. "சான்றிதழ் எடுத்தாகிவிட்டதா?" என்ற ஒரே ஒரு கேள்வி, கல்லூரி சேர்க்கை நாளில் கண்ணீர் விடுவதைத் தவிர்க்கும்.

நீதிபதி ராஜேந்தர் சச்சார் குழு 2005-ஆம் ஆண்டு அமைக்கப்பட்டு 2006-ஆம் ஆண்டு அறிக்கை அளித்ததை அனைவரும் அறிவீர்கள். முஸ்லிம்களின் நிலை குறித்த அவ்வறிக்கை, தேசியத் தரவு வங்கி ஒன்றை உருவாக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. நாட்டிடம் நாம் கணக்குக் கேட்கிறோம், கேட்க வேண்டும். ஆனால் நம் மஹல்லாவில் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர் என்று நம்மிடம் ஒருவர் கேட்டால், சென்ற ஆண்டு வரை நம்மிடமே விடை இல்லை.

கேட்பதிலும் அநீதி நேரலாம்

உமர் (ரலி) அவர்கள் மக்களுக்கு உதவித்தொகை வழங்குவதற்காக 'தீவான்' என்னும் பதிவேட்டை ஏற்படுத்தினார்கள். வம்சாவளியை நன்கறிந்த அகீல் இப்னு அபீதாலிப், மக்ரமா இப்னு நவ்ஃபல், ஜுபைர் இப்னு முத்இம் ஆகியோரை அப்பணியில் அமர்த்தினார்கள். ஒருவரை எழுதி வைப்பதற்கும் அதில் தேர்ந்தவர் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அந்தப் பதிவேட்டைப் பற்றி வரலாற்று நூல்கள் கூறும் ஒரு நிகழ்ச்சி உண்டு. தொடக்கத்தில், தாய்ப்பால் மறந்த குழந்தைக்குத்தான் உதவித்தொகை எழுதப்பட்டது. ஓரிரவு உமர் (ரலி) அவர்கள் காவல் சுற்றி வருகையில், ஒரு குழந்தையின் அழுகை ஓயாமல் கேட்டது. குழந்தையைக் கவனிக்குமாறு தாயிடம் சொல்லிவிட்டுச் சென்றார்கள். மீண்டும் மீண்டும் அழுகை கேட்கவே, காரணத்தை விசாரித்தார்கள். வந்திருப்பவர் கலீஃபா என்பதை அறியாத அத்தாய், உதவித்தொகை பெறுவதற்காகவே குழந்தையை முன்கூட்டிப் பால் மறக்கச் செய்வதாகச் சொன்னார். உமர் (ரலி) அவர்கள் நடுங்கிப் போனார்கள். சுப்ஹுத் தொழுகையில் அழுகையால் அவர்களுடைய ஓதலே மக்களுக்கு விளங்கவில்லை என்று எழுதப்பட்டிருக்கிறது. பின்னர், பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் உதவித்தொகை உண்டு என்று அறிவித்தார்கள்.

அன்பர்களே! பதிவேட்டில் இருந்த ஒரு நிபந்தனை, எழுதியவர்கள் நினைத்தே பார்க்காத ஒரு குழந்தையைப் பசியால் அழ வைத்தது. படிவம் எழுதுகிறவர் ஒவ்வொருவரும் இந்நிகழ்ச்சியை நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும். நாம் இடும் ஒவ்வொரு கட்டாயக் கேள்விக்கும் மறுபுறத்தில் ஒரு வீடு இருக்கிறது.

நம் கையால் உடைந்த அமானிதம்

இனி, சொல்லக் கூசுகின்ற ஒன்றைச் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்டவரின் அனுமதி பெற்றே சொல்கிறோம். அவர் யார் என்று யாரும் ஆராய வேண்டாம்; அது துருவுதலாகும்.

படிவத்தை அனுப்பிய இரண்டாம் நாள், நினைவூட்டலுக்காக மக்தபின் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பை மறுபடியும் இட்டோம். அவசரத்தில், பெற்றோர் நிரப்ப வேண்டிய படிவத்தின் இணைப்புக்குப் பதிலாக, விடைகள் சேர்ந்திருந்த அட்டவணையின் இணைப்பை இட்டுவிட்டோம். போதாக்குறைக்கு, 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று அந்த அட்டவணையை முன்னரே திறந்து வைத்திருந்தோம், நிர்வாகிகள் எளிதில் பார்க்கட்டும் என்று. ஒரு மணி நேரத்திற்கும் மேலாக அது குழுவில் கிடந்தது. இளைஞர் ஒருவர் ஓடி வந்து சொன்ன பிறகே நீக்கினோம்.

'தனியாகச் சொல்ல வேண்டியது' என்ற இடத்தில் ஒரு தாய், தம் வீட்டு நெருக்கடியை எழுதியிருந்தார். பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணம் நிலுவையில் இருப்பதையும், அது தம் மாமியார் வீட்டாருக்குத் தெரியாது என்பதையும் எழுதியிருந்தார். அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. மறுநாள் அவர் தம் சகோதரருடன் வந்து, திரைக்கு அப்பால் நின்று ஒன்றே ஒன்று கேட்டார்: "ஹள்ரத், நான் உங்களுக்குத்தானே எழுதினேன்? ஊருக்கா எழுதினேன்?"

அதற்கு நம்மிடம் விடை இல்லை. மன்னிப்புக் கேட்டோம். தவறு கருவியின் மீதன்று, நம் மீதே. ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தால், அந்தப் பேச்சே அமானிதமாகிவிடுகிறது என்ற கருத்தில் நபிமொழி உண்டு. 'இரகசியம்' என்று வாயால் சொல்லக்கூட வேண்டியதில்லை; திரும்பிப் பார்த்தாலே போதும். தனியாக ஓர் இடம் விட்டு, அதில் எழுதச் சொன்ன நாம், அவர் திரும்பிப் பார்த்ததை மறந்துவிட்டோம்.

அதன்பின் ஜமாஅத் நிர்வாகத்துடன் கலந்து சில ஒழுங்குகளை ஏற்படுத்தியுள்ளோம். உறுப்பினர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக இங்கே பகிரங்கமாகச் சொல்கிறோம்.

முதலாவது, விடைகளைக் காணும் உரிமை மூவருக்கு மட்டுமே: இமாம், மக்தப் பொறுப்பாளர், ஜமாஅத் செயலாளர். அவரவர் மின்னஞ்சல் கணக்கின் பெயரிலேயே அனுமதி. பொது இணைப்பு கிடையாது. படிவத்தில், நிரப்பியவர் பிறர் விடைகளின் தொகுப்பைக் காணும் ஓர் அமைப்பு உண்டு. அது அணைக்கப்பட்டிருப்பதைச் சரிபார்த்த பின்னரே அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, தனிப்பட்ட செய்திகள் இனிப் படிவத்தில் கேட்கப்படமாட்டா. "ஹள்ரத்தோ உஸ்தாதாவோ உங்களைத் தொலைபேசியில் அழைக்க வேண்டுமா?" என்று மட்டும் கேட்போம். ஆம் என்று தொட்டால் அழைப்போம். தாய்மார்கள் விரும்பினால் பெண் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் உஸ்தாதா அழைப்பார். மனச்சுமையை எழுத்தில் வாங்கி வைப்பதைவிட செவியால் வாங்குவது பாதுகாப்பானது.

மூன்றாவது, படிவத்தின் தலைப்பிலேயே, இவ்விவரம் எதற்காக, யார் பார்ப்பார், எப்போது அழிக்கப்படும் என்பதை எழுதுவோம். பிறர் வீட்டில் நுழையுமுன் அனுமதி கோரி ஸலாம் உரைக்குமாறு அந்நூர் அத்தியாயத்தின் 27-ஆம் வசனம் கற்பிக்கிறது. ஒரு குடும்பத்தின் விவரமும் ஒரு வீடுதான். நாட்டின் சட்டமும் இதனையே கூறுகிறது. 2023-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆகவே பிள்ளைகளே தம் கைப்பேசியில் நிரப்பி அனுப்புவதை நாம் ஏற்பதில்லை.

நான்காவது, ஆண்டு முடிவில் ஷஃபான் மாதத்தில், தேவையற்ற விவரங்கள் அனைத்தும் அழிக்கப்படும். இம்மாதமே அதைச் செய்யவிருக்கிறோம். அழித்ததைச் செயலாளர் கையெழுத்திட்டுப் பதிவு செய்வார்.

படிவம் வராத வீடு

இறுதியாக, இவ்வுரையின் தொடக்கத்திற்கே திரும்புகிறோம்.

படிவம் அனுப்பி இரண்டு வாரம் ஆன பின், வந்தவை எத்தனை என்று மகிழ்ந்து கொண்டிருந்தோம். அப்போது நம் உஸ்தாத்மாரில் ஒருவர், "ஹள்ரத், வராதவை யாருடையவை?" என்று கேட்டார். பழைய பதிவேட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். வராத பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தபோது நமக்கு உண்மை விளங்கியது. அவர்களில் சிலர் சோம்பலால் விட்டவர்கள். ஒரு நினைவூட்டலில் அனுப்பிவிட்டனர். எஞ்சியவர்கள் வேறு வகையினர். வீட்டில் இணைய வசதியுள்ள கைப்பேசியே இல்லாதவர். இருந்தும் எழுத்தறியாத பாட்டியிடம் வளரும் பிள்ளை. வாடகை கொடுக்க இயலாமல் ஊரின் மறுகோடிக்குக் குடிபெயர்ந்து, நம் குழுவிலிருந்தே நழுவிவிட்ட குடும்பம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் பட்டறைக்குப் போகத் தொடங்கிவிட்ட ஒரு பையன். நம் உதவி யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களே நம் அட்டவணையில் இல்லாதவர்கள்.

அட்டவணையை மட்டும் நம்பியிருந்தால், நம் மஹல்லாவில் குறைகள் மிகக் குறைவு என்று நாம் எண்ணியிருப்போம். பள்ளியைப் பெருக்கிய அந்தப் பெண்மணியை மறந்த தோழர்களின் நிலைதான் நமக்கும்.

ஆகவே உஸ்தாத்மார்களும் இளைஞர்களும் இருவர் இருவராகச் சென்று அவ்வீடுகளின் கதவைத் தட்டினர். அச்சிட்ட காகிதத்தில் விவரம் எழுதி வாங்கினர். பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்த பையனின் வீட்டுக்கு நாமே சென்றோம். அவன் இப்போது மீண்டும் பள்ளிக்கூடம் போகிறான். அவனுக்காகத் துஆ செய்யுங்கள். இந்த நேரம் நமக்கு எங்கிருந்து கிடைத்தது? முன்பு பெயர்களை எழுதிக் கொண்டிருந்த மாலைப் பொழுதுகளைப் படிவம் மிச்சப்படுத்தித் தந்தது. அந்தப் பொழுதைக் கதவைத் தட்டுவதற்குச் செலவிட்டோம். படிவத்தின் பயன் இதுதான். அது வீட்டுக்குச் செல்லும் கடமையிலிருந்து நம்மை விடுவிப்பதில்லை. எந்த வீட்டுக்கு முதலில் செல்ல வேண்டும் என்று காட்டித் தருகிறது.

கண்ணியமிக்க ஜமாஅத்தார்களே! இன்ஷா அல்லாஹ், வருகின்ற ஷவ்வால் முதல் வாரத்தில் புதிய படிவம் உங்கள் கைப்பேசிக்கு வரும். தயவு கூர்ந்து ஒரு வாரத்திற்குள் நிரப்பி அனுப்புங்கள். உண்மையை எழுதுங்கள், தெரியாததைத் 'தெரியாது' என்றே குறியுங்கள். நிரப்பத் தெரியாத அண்டை வீட்டார் இருப்பின், அவர்களுடைய அனுமதியோடு உதவுங்கள். அவ்வாறு உதவும்போது கண்டதை வேறெங்கும் பேசாதிருங்கள். கைப்பேசி இல்லாதவர்கள் மஃரிபுக்குப் பின் பள்ளி அலுவலகத்திற்கு வந்தால், காகிதப் படிவம் அங்கே இருக்கும். கைப்பேசியில் வந்த விவரத்திற்கும் காகிதத்தில் வந்த விவரத்திற்கும் நம்மிடத்தில் வேறுபாடு இல்லை.

நிர்வாகத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். கேட்டுவிட்டுச் செய்யாமலிருப்பது, கேட்காமலிருப்பதைவிடக் கடுமையானது. உதவி வேண்டுமா என்று ஒருமுறை கேட்டு, ஆம் என்ற விடையைப் பெற்று, அதை ஓர் அட்டவணையில் உறங்க விட்டோமாயின், அடுத்த ஆண்டு எவரும் நமக்கு உண்மையை எழுதமாட்டார்கள். ஒவ்வொரு 'ஆம்' என்ற விடைக்கும் நம்மில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மறுமையில் நம் ஏடு விரிக்கப்படும்போது, நம்மிடம் இருந்த ஏட்டைப் பற்றியும் கேட்கப்படும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் அறிவை விருத்தி செய்வாயாக! அவர்களில் யதீம்களுக்கும் ஏழைகளுக்கும் எங்களைப் பொறுப்புள்ளவர்களாக்கி வைப்பாயாக! எங்கள் குறைகளை நீ மறைத்து வைத்திருப்பது போல், பிறர் குறைகளை மறைத்து வைக்கும் பண்பை எங்களுக்குத் தருவாயாக! எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணிக் காப்பவர்களாக எங்களை ஆக்கியருள்வாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.